பட்டம் பெறாத கல்லூரித் தலைவர் ஆர்தர் மார்கன்

அமெரிக்க நாட்டின் டென்னசிப் பள்ளத்தாக்குத் திட்டத்தைப் பள்ளிப் பாடநூல்களில் படித்தோர் நம்மிடையே பலர். 1948இல் அமைந்த நம் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்துக்கு முன்மாதிரியாக நின்றது அத்திட்டமே. அதன் முதல் தலைவராக இருந்தவரின் பெயர் மட்டும் அப்பாடங்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆர்தர் எர்னஸ்ட் மார்கன் என்னும் அப்பெரியார் பொறியியற் கல்லூரி எதிலும் படித்துத் தேறியவர் அல்லர். ஆயினும் வெள்ளத்தில் அழிந்த ஒரு மாநகரைக் காத்த அணைகளை வகுத்தார். மூடப்படும் நிலையிலிருந்த ஒரு கல்லூரியின் தலைமையை ஏற்றுப் பதினாறு ஆண்டு நடத்தினார். எழுபதாம் வயதில் இந்தியாவுக்கு வந்து, நம் நாட்டு ஊர்ப்புறங்களுக்கு எத்தகைய பல்கலைக்கழகம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அவருடைய ஆக்கமும் இடறலும் பெரும்பாலும் ஒரே குணத்திலிருந்து பிறந்தவை. அதனாலேயே அவர் வரலாறு ஊன்றிப் பார்க்கத்தக்கது.

1878ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் ஒகையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரருகே மார்கன் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் வடக்கே மின்னசோட்டா மாநிலத்துச் செயின்ட் கிளவுட் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை தாமே கற்றுத் தேர்ந்த நில அளவையாளர், கட்டுப்பாடற்ற இயல்பினர். தாயோ சமயப் பற்றில் கண்டிப்பு மிக்கவர். மகனுக்கு உடல் நலம் குன்றியிருந்தது. கண்பார்வையும் நெடுநேரம் படிக்க இடங்கொடுக்கவில்லை. உயர்நிலைப் பள்ளிக்கு மேல் முறையான கல்வி அமையவில்லை. பத்தொன்பதாம் வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டுக் கொலராடோ மலைநாட்டுக்குப் போனார். மரம் வெட்டினார், சுரங்க ஊர்களில் கிடைத்த கூலி வேலையைச் செய்தார். நல்லாசிரியர்களின் மலிவுப் பதிப்புகளைச் சுரங்கத் தொழிலாளரிடம் விற்றுப் பார்த்தார். அவர்கள் வாங்கவில்லை. கொலராடோப் பல்கலைக்கழகத்தில் சில வாரம் படித்ததும் கண்வலியால் நின்றுபோயிற்று. அவர் பெற்ற கல்லூரிப் படிப்பு அவ்வளவே.

1900ஆம் ஆண்டையொட்டி ஊர் திரும்பித் தந்தையின் அளவைத் தொழிலில் சேர்ந்தார். மின்னசோட்டா அக்காலத்தில் சதுப்பு நிலம் நிறைந்த நாடு. நீரை வடித்து நிலத்தை உழவுக்குக் கொணர ஊர்தோறும் வாய்க்கால் வெட்டினர். வெட்டியவரிடம் கணக்கும் இல்லை, ஒழுங்கும் இல்லை. ஓரூரார் வடித்த நீர் அடுத்த ஊராரின் பயிரை மூழ்கடித்தது. மார்கன் இத்துறைக்கு வேண்டிய கணிதத்தையும் நீரியலையும் தாமே படித்துக்கொண்டார். மாநிலத்தின் வடிகால் சட்டத்தைத் திருத்தி எழுதுவதிலும் முன்னின்றார். 1904இல் யுரேனியா ஜோன்ஸ் என்னும் மங்கையை மணந்தார். மறு ஆண்டே, ஆண் மகவு ஒன்றைப் பெற்ற சில மாதங்களில், அவ்வம்மையார் நச்சுக் காய்ச்சலால் மறைந்தார்.

1907இல் நடுவணரசின் வேளாண்மைத் துறையில் வடிகால் பொறியாளர் பதவி கிடைத்தது. அங்கேதான் அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த குணம் முதன்முதலாக வெளிப்பட்டது. புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தைச் சிறு செலவில் வடித்துவிடலாம் என்று அத்துறையைச் சேர்ந்த ஒருவர் அறிக்கை எழுதியிருந்தார். நிலம் விற்கும் நிறுவனங்கள் அதைக் காட்டி எளிய மக்களிடம் சதுப்பை விற்றுக்கொண்டிருந்தன. கணக்குகள் பிழையானவை என்று மார்கன் கண்டார். கண்டதை மேலிடத்தில் சொன்னார். 1912இல் நாடாளுமன்றக் குழு முன்னும் சான்று கூறினார். துறையினர் சிலருடைய பகையைத் தேடிக்கொண்டதன்றி அவருக்கு இதனால் வந்த ஊதியம் ஒன்றும் இல்லை. அதற்குள் அரசுப் பணியை விட்டு 1910இல் மெம்பிஸ் நகரில் சொந்தமாகப் பொறியியல் நிறுவனம் தொடங்கியிருந்தார். 1911இல் லூசி கிரிஸ்கம் என்னும் குவேக்கர் சமயத்து ஆசிரியையை மறுமணம் செய்துகொண்டார்.

1913ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஒகையோ மாநிலத்தில் பெருமழை பெய்தது. டேட்டன் நகரில் மயாமி ஆற்றோடு வேறு சில ஆறுகளும் வந்து கூடுகின்றன. கரைகள் உடைந்தன, நகரின் நடுவே இருபது அடி வரை நீர் ஏறியது, தீயும் பிடித்தது. அப்பள்ளத்தாக்கில் முந்நூற்றறுபது பேருக்கு மேல் மாண்டனர். வெள்ளம் வடிந்ததும் மாடியறைகளில் உயிர்தப்பிக் கிடந்தோர் ஒன்றுகூடி, இனி இப்படி நேராதிருக்கச் சில வாரங்களுக்குள் இருபது லட்சம் டாலருக்கு மேல் தம் கைப்பணத்தைத் திரட்டினர். வேலையை ஏற்க அழைக்கப்பட்டவர் முப்பத்தைந்து வயது மார்கன்.

மக்கள் அவசரப்பட்டனர், மார்கன் அவசரப்படவில்லை. கரையை உயர்த்திவிட்டுப் போவதற்கு மாறாக, இத்தகைய வெள்ளம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும், இதனினும் பெரியது வருமா என்று கேட்டார். அமெரிக்காவில் அதற்குப் போதிய நெடுங்காலக் கணக்கு இல்லை. எனவே ஐரோப்பிய ஆறுகளின் பல நூற்றாண்டு வெள்ளப் பதிவுகளைத் தேடித் தொகுக்க ஏற்பாடு செய்தார். 1913இன் வெள்ளத்தைக் காட்டிலும் நாற்பது விழுக்காடு மிகுதியான நீர் வந்தாலும் தாங்கும்படி திட்டம் வகுத்தார்.

அத்திட்டம் நம்மவர் அறிந்த அணைக்கட்டு முறைக்கு முற்றும் மாறானது. ஆற்றின் மேற்புறத்தில் ஐந்து பெரும் மண் அணைகள். எதிலும் நீர்த்தேக்கம் இல்லை, மதகுக்குக் கதவும் இல்லை. அணையின் அடியில் எந்நேரமும் திறந்தே இருக்கும் நீர்வழி. கீழே ஆறு கரைக்குள் தாங்கும் அளவே அதன் வாய். சாதாரண நாளில் ஆறு தடையின்றிப் போகும். வெள்ளம் வந்தால் வாய் கொள்ளாத நீர் அணைக்குப் பின்னே ஏறி நிற்கும். பின் தானே சில நாளில் வடிந்துவிடும். நடு இரவில் கதவைத் திறப்பதா மூடுவதா என்று எவரும் முடிவு செய்ய வேண்டியதில்லை. எஞ்சிய காலமெல்லாம் அந்நிலத்தில் உழவு நடக்கும். நீர்வழியிலிருந்து பாயும் நீரின் வேகம் அணையின் அடியை அரித்துவிடாதிருக்க, கீழே படிகளும் தடுப்புச் சுவர்களும் அமைத்து நீர் தன்னோடு தானே மோதி வலுவிழக்கும்படி செய்தார். அதற்கென நடத்திய மாதிரிச் சோதனைகள் நீரியல் நூல்களில் இடம்பெற்றன.

மேற்புறத்து உழவர்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். டேட்டனின் உயிரைக் காக்கத் தங்கள் வயல் மூழ்குவதா என்று அவர்கள் கேட்டது நேர்மையான கேள்வியே. 1914இல் புதுச் சட்டம் இயற்றி, வழக்குமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் வாதாடிய பிறகே பணி தொடங்க முடிந்தது. ஆஸ்பார்ன் என்னும் சிற்றூர் அணைப்பரப்புக்குள் அகப்பட்டது. அவ்வூரின் ஏறத்தாழ 400 வீடுகளை அப்படியே பெயர்த்து உருளைகளின் மேல் நகர்த்தி வேறிடத்தில் வைத்தனர். 1918இல் தொடங்கிய வேலை 1922இல் முடிந்தது. நூறாண்டுக்கு மேல் ஆகியும் டேட்டன் மீண்டும் அவ்வாறு மூழ்கியதில்லை.

மார்கன் ஆசிரியரானது இவ்வணைகளின் கட்டுமானக் களத்தில்தான் என்று சொல்லலாம். அக்காலத்தில் அணை வேலைக்கு வருவோர் தகரக் கொட்டகையில் கிடந்து, கூலியைக் குடியில் தொலைத்துவிட்டுப் போவது வழக்கம். அவர் ஒவ்வோர் அணையருகிலும் குடும்பத்தோடு வாழத்தக்க வீடுகள் கட்டினார். குழந்தைகளுக்குப் பள்ளியும் தொழிலாளருக்கு இரவு வகுப்பும் வைத்தார். குடியிருப்பின் காரியங்களை அவர்களே பார்த்துக்கொள்ள விட்டார். செலவு வீண் என்று கணக்கர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் போர்க்காலத்தில் ஆள் கிடைக்காமல் மற்ற இடங்களில் வேலை திணறியபோது இங்கே ஆட்கள் நிலைத்து நின்றனர். 1917இல் டேட்டன் நண்பர்களோடு சேர்ந்து மொரெய்ன் பார்க் என்னும் பள்ளியையும் தொடங்கினார். செல்வர் ஒருவரின் செடிவளர்ப்புக் கண்ணாடிக் கூடத்தில் தொடங்கிய அப்பள்ளியில் சிறுவர்கள் பாடத்தோடு சிறு வணிகங்களையும் தாமே நடத்திக் கற்றனர்.

தம்மிடம் வேலைக்கு வந்த இளம் பொறியாளர்களைப் பற்றி அவருக்கு நெடுநாள் குறை ஒன்று இருந்தது. கல்லூரியில் நன்றாகத் தேறியவர்கள் களத்தில் முடிவெடுக்கத் தயங்கினர். களத்தில் வளர்ந்தவர்களோ தம் தொழிலுக்கு அப்பால் எதையும் அறியாதிருந்தனர். இவ்விரண்டையும் ஒருவரிடம் சேர்த்துக் காணும் கல்லூரியை அவர் மனத்தில் வரைந்துகொண்டிருந்தபோது, 1919இல், ஒகையோவின் யெல்லோ ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்த ஆண்டியாக் கல்லூரியின் ஆட்சிக்குழுவுக்கு அவரை உறுப்பினராகத் தேர்ந்தனர்; அவரைக் கேட்டுத் தேர்ந்ததாகவும் தெரியவில்லை. 1853இல் ஹொரேஸ் மான் என்னும் புகழ்பெற்ற கல்வியாளரைத் தலைவராகக் கொண்டு திறக்கப்பட்ட கல்லூரி அது. அந்நாளில் மாணவர் விரல்விட்டு எண்ணும் அளவே, கட்டடங்கள் சிதைந்திருந்தன, வேறொரு சங்கத்திடம் ஒப்படைத்துவிட எடுத்த முயற்சியும் கைகூடவில்லை. மார்கன் போய்ப் பார்த்தார். பிறர் அழிவைக் கண்ட இடத்தில் அவர் தடையின்மையைக் கண்டார். காக்க வேண்டிய பழைய ஏற்பாடு எதுவும் அங்கே மிஞ்சவில்லை. 1920இல் அவரே தலைவரானார்.

பொறியியல் மாணவரைத் தொழிற்சாலைக்கும் வகுப்புக்கும் மாறிமாறி அனுப்பும் முறையைச் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 1906இலேயே தொடங்கியிருந்தார். மார்கன் அதைப் பொறியியலோடு நிறுத்தவில்லை. இலக்கியம் படிப்பவரும் வரலாறு படிப்பவரும் வேலைக்குப் போக வேண்டும் என்றார். இரண்டு மாணவருக்கு ஒரு வேலை. ஒருவர் சில வாரம் செய்தித்தாள் அலுவலகத்திலோ பட்டறையிலோ மருத்துவமனையிலோ உழைப்பார். மற்றவர் வகுப்பில் இருப்பார். பின் இடம் மாற்றிக்கொள்வார்கள். வேலை தருவோருக்கு இடம் காலியாவதில்லை. மாணவருக்குக் கையில் கூலியும் உலகறிவும் சேரும். தேர்வறையில் காவலர் இல்லாத நாணய முறையும் நடைமுறைக்கு வந்தது. கல்லூரியைச் சுற்றிச் சிறுதொழில்கள் முளைத்தன. அவருடைய மூத்த மகன் எர்னஸ்ட் மாணவராக இருக்கும்போதே நூல்களில் ஒட்டும் பெயர்ச்சீட்டு அச்சிடும் தொழிலைத் தொடங்கினார். மாணவர் தொகை சில நூறாயிற்று. நாடெங்கும் கல்வியாளர் ஆண்டியாக்கைப் பற்றிப் பேசினர்.

ஆனால் தலைவருக்கு நிறைவில்லை. அவர் கேட்டது நல்ல கல்லூரியை மட்டுமன்று. ஒழுக்கத்தாலும் எளிமையாலும் புதிய வாழ்க்கைமுறையைத் தோற்றுவிக்கும் ஒரு குழுவை. ஆசிரியர்களோ நன்றாகக் கற்பிக்க வந்தவர்கள். துறவு பூண வந்தவர்கள் அல்லர். 1931இல் ஓய்வுக்காகப் போர்ச்சுகலில் தங்கியிருந்த மார்கன், கல்லூரி தன் உயர்ந்த நோக்கத்தைக் கைவிட்டது என்று கடிந்து ஆசிரியர்களுக்கு நீண்ட மடல் எழுதினார். பத்தாண்டு உழைத்தவர்கள் மனம் புண்பட்டனர். கூடி உழைத்தவர்களை எதிரே உட்கார்ந்து கேட்பதைவிட, தொலைவிலிருந்து தீர்ப்பு எழுதுவது அவருக்கு எளிதாக இருந்தது. இக்குறை பின்னர் அவருக்குப் பெருந்தீங்காக முடிந்தது.

1933இல் ரூஸ்வெல்ட் டென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையத்துக்கு அவரைத் தலைவராக்கினார். ஆண்டியாக்கின் பெயரளவுத் தலைமை 1936 வரை அவரிடமே இருந்தது. ஏழு மாநிலங்களில் பரவிய வறிய பள்ளத்தாக்கு. வெள்ளம், மண்ணரிப்பு, மலேரியா. மார்கன் நாரிஸ் அணையைத் தொடங்கி 1936இல் முடித்தார். அரசியல் சிபாரிசுக்கு இடங்கொடாமல் தேர்வு வைத்தே ஆள் எடுத்தார். வாரத்துக்கு 33 மணி நேர வேலை. எஞ்சிய பொழுதில் தொழிலாளர் தச்சும் பண்ணைத் தொழிலும் பிறவும் கற்க வகுப்புகள். அணையருகே நாரிஸ் என்னும் புது ஊரையும் எழுப்பினார். பாராட்டுவோர் மறைத்துவிடும் செய்தி ஒன்று உண்டு. அந்த முன்மாதிரி ஊரில் கறுப்பினத்தார் குடியேற இடம் தரப்படவில்லை. நீரில் மூழ்கிய நிலத்திலிருந்து ஏறத்தாழ மூவாயிரம் குடும்பங்கள் வெளியேறின. ஒழுக்கத்துக்கு விதி எழுதிய தலைவர் இவற்றில் தம் காலத்தையும் இடத்தையும் மீறிச் செல்லவில்லை.

ஆணையத்தில் மூவர் இயக்குநர். ஒருவர் ஹார்கோர்ட் மார்கன், டென்னசிப் பல்கலைக்கழகத் தலைவராயிருந்த வேளாண் அறிஞர், பெயரொற்றுமையன்றி உறவில்லை. மற்றவர் டேவிட் லிலியந்தால். இளம் வழக்கறிஞர், கூர்மதியர். தனியார் மின் நிறுவனங்களோடு இணங்கிப் போகலாம் என்றார் தலைவர். அவர்களை எதிர்த்து நின்றே மக்களுக்கு மின்சாரம் தர முடியும் என்றார் லிலியந்தால். இருவரும் ஒன்றாயினர், மார்கன் தனித்தார். கருத்து வேறுபாடாகத் தொடங்கியதை அவர் நேர்மைக் கேடாகக் கண்டு வெளிப்படையாக எழுதினார். 1938 மார்ச்சில் ரூஸ்வெல்ட் மூவரையும் அழைத்துச் சான்றுகளைக் கேட்டார். நாடாளுமன்றக் குழுவிடம் அன்றி வேறெங்கும் சொல்ல மாட்டேன் என்று மார்கன் மறுத்துவிட்டார். அம்மாதமே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் நடந்த நாடாளுமன்ற விசாரணை அவர் சாற்றிய குற்றங்களை மெய்ப்பிக்கவில்லை. மின்சாரத்தில் லிலியந்தால் கூறியதே நடைமுறையில் வென்றது. எவர்கிளேட்ஸில் அவரைக் காத்தது கணக்கு. இங்கே கணக்கு இல்லாமல், தம் மனச்சான்றையே சான்றாகக் கொண்டு நின்றார்.

அறுபது வயதில் யெல்லோ ஸ்பிரிங்ஸுக்குத் திரும்பினார். வழக்காடியும் பதவி மீளவில்லை. மனம் கசந்து ஒடுங்கிவிடாமல், சிற்றூர்களின் வாழ்வைப் பற்றி ஆராயவும் எழுதவும் 1940இல் ஒரு சிறு அமைப்பை நிறுவினார். பெருநகரங்கள் மனிதரைத் தின்றுவிடும், நற்பண்பு கைமாறுவது முகமறிந்த சிறு ஊர்களில்தான் என்பது அவர் கொள்கை. 1942இல் சிற்றூரைப் பற்றிய நூலும், 1944இல் எட்வர்ட் பெல்லமி என்னும் நாவலாசிரியரின் வாழ்க்கை வரலாறும் வெளியாயின.

இந்த எழுத்துகளின் தொடர்ச்சியாகவே இந்திய அழைப்பைக் கொள்ள வேண்டும். 1948இல் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைக்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், ஜாகிர் உசேன், மேகநாத் சாகா முதலிய அறிஞர்களோடு மார்கனும் உறுப்பினர். குழுவினர் நாட்டுப் பல்கலைக்கழகங்களைச் சுற்றி வந்தனர். நகரில் கட்டடம், ஆங்கிலத்தில் பாடம், அலுவலகத்தில் வேலை என்று ஓடிய கல்வி, மக்களில் பெரும்பகுதியினர் வாழும் ஊர்களுக்கு எதைத் தருகிறது என்ற கேள்விக்கு 1949ஆம் ஆண்டு அறிக்கையின் ஊர்ப்புறப் பல்கலைக்கழக இயல் விடை சொன்னது. அவ்வியலில் மார்கனின் கை தெளிவாகத் தெரிகிறது.

காந்தியடிகளின் ஆதாரக் கல்வியை அடித்தளமாகக் கொண்டு, டென்மார்க்கின் மக்கள் பள்ளிகளையும் நினைவில் வைத்து, அவ்வியல் ஒரு படிமுறையை வகுத்தது. ஊர்களின் நடுவே தங்கிப் படிக்கும் உயர்நிலைப் பள்ளிகள். அவற்றின் மேல் முந்நூறு மாணவர் அளவான சிறு கல்லூரிகள். அக்கல்லூரிகள் வளையமாகச் சூழ்ந்த பல்கலைக்கழகம். மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூறு மாணவருக்கு மேற்படலாகாது. எங்கும் படிப்பும் உழைப்பும் செம்பாதி. ஆண்டியாக்கில் தொழிற்சாலைக்குப் போன மாணவன் இங்கே வயலுக்கும் பட்டறைக்கும் போகிறான். பள்ளியே அவன் கையால் எழும் ஊராக வேண்டும்.

அறிக்கைகள் அலமாரியில் உறங்குவது நம் நாட்டு வழக்கம். இவ்வியல் முற்றும் உறங்கவில்லை. 1956இல் நடுவணரசு ஊரக உயர்கல்வித் திட்டத்தைத் தொடங்கிச் சில நிறுவனங்களைத் தேர்ந்தபோது, தமிழகத்தில் இரண்டு இடம்பெற்றன. ஒன்று டாக்டர் சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் வளர்த்த காந்திகிராமம், மற்றொன்று தி. சு. அவினாசிலிங்கம் நிறுவிய பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயம். கேரளத்தில் திருவனந்தபுரத்தையடுத்த வெள்ளநாட்டில் அதே ஆண்டு கே. விசுவநாதன் தொடங்கிய மித்ரநிகேதனும் மார்கனின் கருத்துகளால் ஊக்கம் பெற்றதே. ஆனால் இந்நிறுவனங்களில் படித்தவர்களுக்கு அரசு வேலைக்கான ஒப்புதல் கிடைப்பது பெரும்பாடாயிற்று. வேலைக்காகப் படியாதே என்று கற்பித்த கல்வியை, வேலை தருமா என்ற கேள்வியே தளர வைத்தது. மார்கனின் திட்டத்தில் இதற்கு விடையில்லை. ஊரே தன் பிள்ளைகளுக்குத் தொழில் தரும் நாள் வரும் என்று அவர் நம்பியிருந்தார்.

எண்பதை எட்டும் வயதில் மீண்டும் அணை ஒன்று அவர் வாழ்வில் குறுக்கிட்டது. இம்முறை கட்டுவதற்கன்று, தடுப்பதற்கு. பென்சில்வேனியாவில் கின்சுவா என்னுமிடத்தில் அமெரிக்கப் படைப் பொறியாளர் அணை எழுப்ப முனைந்தனர். செனகா என்னும் தொல்குடியாரின் நிலம் பதினாயிரம் ஏக்கர் மூழ்கும். 1794ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அமெரிக்க அரசே அவர்களுக்கு உறுதி செய்து கொடுத்த மண் அது. செனகாக்கள் மார்கனை நாடினர். அவர் நிலப்படங்களை எடுத்துக்கொண்டு அமர்ந்து, வெள்ளநீரை வேறொரு பள்ளத்தில் திருப்பிவிடும் மாற்றுத் திட்டத்தை வகுத்தார். படைப் பொறியாளர் ஏற்கவில்லை. 1965இல் அணை முடிந்தது. செனகாக் குடும்பங்கள் எடுத்துக் கட்டிய வீடுகளுக்குப் போயின. நாரிஸில் மூவாயிரம் குடும்பங்களை எழுப்பிய பொறியாளர், முப்பதாண்டு கழித்து எழுப்பப்படுவோரின் பக்கம் நின்று தோற்றார்.

அத்தோல்வியை அவர் எழுதாமல் விடவில்லை. படைப் பொறியாளரின் நூற்றாண்டுக் காலப் பிழைகளை ஆய்ந்து எழுதிய நூல் 1971இல் வெளிவந்தபோது மார்கனுக்கு வயது தொண்ணூற்றுமூன்று. 1975 நவம்பரில், தொண்ணூற்றேழாம் வயதில், ஒகையோவில் மறைந்தார். மறு ஆண்டு, 1976இல், காந்திகிராம ஊரக நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக ஏற்கப்பட்டது.